பழைய ஸ்பார்க் டூல்செயினைப் புதிய கணினியில் மறுபடி கட்டியது

நான் வேலை செய்யும் சிறு குழு பராமரிக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள், ஜிஆர்712ஆர்சி என்னும் செயலியின் மேல் ஓடுகிறது. லியான்3 வகையைச் சேர்ந்த இரண்டு கருக்கள் கொண்ட இந்தச் செயலி ஸ்பார்க் வி8 கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது. கதிர்வீச்சைத் தாங்கும்படி விண்வெளிப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டது. அதில் நாங்கள் வைத்திருக்கும் இயங்குதளம் ஆர்டெம்ஸ் 5. அந்தப் பதிப்பு 2020இல் வெளியானபோது அதனுடன் சேர்ந்து வந்த கம்பைலர், அதாவது மூலநிரலைச் செயலிக்கான நிரலாக மாற்றும் கருவி, ஜிசிசி 7.5. எங்கள் மென்பொருளின் ஒவ்வொரு சோதனையும் அந்தக் கம்பைலர் உண்டாக்கிய நிரலின் மேல்தான் நடத்தப்பட்டது என்பதால், கம்பைலரை மாற்றினால் சோதனைகள் அனைத்தையும் முதலிலிருந்து நடத்த வேண்டும். ஆகவே இயங்குதளம் எத்தனை ஆண்டு வாழ்கிறதோ அத்தனை ஆண்டும் ஜிசிசி 7.5ஐ மூலநிரலிலிருந்து கட்டிக் காட்டும் திறன் எங்களிடம் இருந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது.

ஒருமுறை கட்டிய டூல்செயினை, அதாவது கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும் சேர்ந்த தொகுப்பை, அப்படியே சுருட்டி வைத்துக்கொண்டால் போதாதா என்று குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் எல்லோருமே கேட்கிறார்கள். சுருட்டியும் வைத்திருக்கிறோம். ஆனால் அது போதாது. கட்டிய கோப்புகள் அன்றைய ஹோஸ்ட் கணினியின், அதாவது கட்டும் வேலை நடக்கும் கணினியின், லைப்ரரிகளை நம்பியிருப்பவை. அதைவிட முக்கியமாக, நாளை கம்பைலரிலேயே ஒரு பிழை தெரியவந்து அதற்கு ஒரு பேட்ச் (சிறு திருத்தம்) போட வேண்டியிருந்தால், அந்த ஒரு பேட்சைத் தவிர வேறு எதுவும் மாறாமல் மறுபடி கட்டத் தெரிந்திருக்க வேண்டும். அவசரம் வரும் நாளில் அந்தக் கலையைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. அதனால் ஹோஸ்ட் இயங்குதளம் மாறும்போதெல்லாம் முழுவதையும் ஒருமுறை கட்டிப் பார்க்கிறேன். கடந்த முறை அலுவலகக் கணினிகள் ஃபெடோரா 42 என்னும் லினக்ஸ் பதிப்புக்கு மாறின. அதன் ஹோஸ்ட் கம்பைலர் ஜிசிசி 15. அந்த மாற்றத்தில் உடைந்தவற்றையும், உடையாமலேயே ஏமாற்றிய ஒன்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டும் வரிசை எளிமையானது. முதலில் ஸ்பார்க்குக்கான அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பின்யுட்டில்ஸ். அடுத்து ஜிசிசி, அதற்குக் கணக்குப் போட ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய மூன்று எண்கணித லைப்ரரிகள் தேவை. சி லைப்ரரியான நியூலிப்பின் மூலநிரலை ஜிசிசியின் மூலக் கோப்புறைக்குள்ளேயே இணைத்துவிடுவதால், கம்பைலரும் சி லைப்ரரியும் ஒரே ஓட்டத்தில் உருவாகின்றன. லினக்ஸ் டார்கெட்டுக்கு (டார்கெட் என்பது நிரல் ஓடப்போகும் இடம்) கட்டுபவர்கள் முதலில் பாதிக் கம்பைலர், பிறகு லைப்ரரி, பிறகு முழுக் கம்பைலர் என்று இரண்டு சுற்று ஓடுவார்கள். அந்தச் சுமை இங்கே இல்லை. கடைசியாகப் பிழைதிருத்தியான ஜிடிபி. ஆர்டெம்ஸ் திட்டமே சோர்ஸ் பில்டர் என்ற பைத்தான் கருவியைத் தருகிறது. எந்தப் பதிப்பு, எந்த பேட்ச், ஒவ்வொரு கோப்புக்கும் என்ன செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) என்பதெல்லாம் அதன் கோப்புகளில் எழுதப்பட்டிருக்கும். பட்டியலையும் பேட்சுகளையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் கட்டும் படிகளை எங்கள் சொந்த மேக் கோப்பு ஒன்றில் வைத்திருக்கிறோம், ஏனெனில் ஒவ்வொரு படியின் சூழலையும் நாங்களே கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஃபெடோரா 42இல் முதல் ஓட்டம் ஜிஎம்பியிலேயே நின்றுவிட்டது. வேலை செய்யும் கம்பைலர் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை, விவரத்துக்கு லாக் கோப்பைப் பார்க்கவும் என்று, கட்டும் முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் சொன்னது. அதே கணினியில் அதே கம்பைலர் சற்று முன்புதான் பின்யுட்டில்ஸை முழுவதுமாகக் கட்டி முடித்திருந்தது. இத்தகைய செய்தியைக் கண்டதும் நிரல்களைத் தேடும் பாதையைச் சரிபார்ப்பது, மென்பொருள் பொட்டலங்களை மறுபடி நிறுவுவது என்று கை போய்விடும். லாக் கோப்பைத் திறந்து, கடைசியில் குவிந்திருக்கும் மாறிகளின் பட்டியலைத் தாண்டி மேலே போய், முதலில் தோற்ற சோதனை எது என்று பார்ப்பதே நல்ல வழி.

தோற்றது, நீண்ட முழு எண்களைக் கம்பைலர் சரியாகக் கையாளுகிறதா என்று பார்க்க ஜிஎம்பி வைத்திருக்கும் ஒரு குட்டி நிரல். அதில் ஜி என்ற செயற்கூறு, அடைப்புக்குறிக்குள் எதுவும் இல்லாமல், வெற்று உடலோடு வரையறுக்கப்பட்டிருக்கிறது. சில வரிகள் கீழே அதே செயற்கூறு 6 அளபுருக்களுடன் அழைக்கப்படுகிறது. பழைய சி மொழியில் வெற்று அடைப்புக்குறி என்றால் 'அளபுருக்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை' என்று பொருள். ஆகவே இது செல்லும். சி23 தரநிலையில் அதே வெற்று அடைப்புக்குறிக்கு 'அளபுருவே கிடையாது' என்று பொருள். ஜிசிசி 15, எந்தத் தரநிலை என்று சொல்லாவிட்டால் சி23ஐத் தானாக எடுத்துக்கொள்கிறது. எனவே சோதனை நிரல் தொகுக்கப்படவே இல்லை. கான்ஃபிகர் அதைக் கம்பைலரின் பழுது என்று முடிவு கட்டிவிட்டது. ஜிஎம்பியின் பழைய பதிப்புகளில் மட்டுமல்ல, 2023இல் வந்த 6.3.0லும் இதே சோதனை இருப்பதால், ஜிஎம்பியை மட்டும் புதுப்பித்துத் தப்பிக்கவும் வழியில்லை.

கொடிகளுக்கான (கம்பைலருக்குத் தரும் விருப்பக் குறிப்புகளுக்கான) சூழல் மாறியில், சி23க்கு முந்தைய தரநிலையான சி17 என்று எழுதிவிடலாம் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அதை நான் விரும்பவில்லை. அந்த மாறியை நாம் நிரப்பிவிட்டால் ஜிஎம்பி தனக்கென்று தேர்ந்தெடுக்கும் மேம்படுத்தல் கொடிகளைக் கைவிட்டுவிடும். தவிர, ஒவ்வொரு பொட்டலமும் அந்த மாறியைத் தனக்குத் தோன்றியபடி கையாளுகிறது. சில துணைக் கோப்புறைகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தனிக் கோப்புறையில் இரண்டு சிறு ஸ்கிரிப்டுகளை வைத்து, அந்தக் கோப்புறையைப் பாதையின் முன்வரிசையில் சேர்த்தேன். ஒன்று ஜிசிசி என்ற பெயரில் இருக்கும். அது உண்மையான ஹோஸ்ட் கம்பைலரை, ஜிஎன்யு17 (சி17இன் ஜிஎன்யு வடிவம்) தரநிலைக் கொடியை முதலில் வைத்து, மற்றவற்றை அப்படியே பின்னால் கோத்து அழைக்கும். பொட்டலம் தானே ஒரு தரநிலையைக் கேட்டால் அது பின்னால் வருவதால் அதுவே செல்லும். கேட்காதவற்றுக்கு மட்டும் நம்முடையது செல்லும். இரண்டாவது ஸ்கிரிப்ட் சி++ கம்பைலருக்கானது, அதில் ஜிஎன்யு++14. ஜிசிசி 11 முதல் சி++17 இயல்பாகிவிட்டது. ரெஜிஸ்டர் என்னும் குறிச்சொல், பூலியன் மாறியை ஒன்று கூட்டும் செயல் முதலியவை அந்தத் தரநிலையில் நீக்கப்பட்டவை. சி++98ஐ மனத்தில் வைத்து எழுதப்பட்ட பழைய ஜிசிசி மூலநிரலை அந்த விதிகளின் கீழ் தொகுப்பது நியாயமில்லை. டார்கெட் கம்பைலரின் பெயர் ஸ்பார்க்-ஆர்டெம்ஸ்5 என்ற முன்னொட்டோடு வருவதால், இந்த ஸ்கிரிப்டுகள் அதைத் தொடுவதே இல்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுதான்: ஹோஸ்டின் சிக்கலுக்கு ஹோஸ்டிலேயே மருந்து, மூலநிரலில் ஒரு வரியும் மாறவில்லை.

அடுத்தது ஜிடிபி. பைத்தான் இணைப்போடு கட்டும்போது, பைத்தானின் ஹெடர்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்க அது ஒரு சிறு பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. அந்தக் காலத்து ஜிடிபியில் அந்த ஸ்கிரிப்ட் டிஸ்ட்யுட்டில்ஸ் தொகுதியை அழைக்கும். பைத்தான் 3.12இல் அந்தத் தொகுதி நீக்கப்பட்டுவிட்டது. செயலிக்கான நிரலை உண்டாக்கும் வேலைக்கு ஜிடிபி தேவையே இல்லை என்பதால், ஜிசிசி 7.5ஐத் தொடாமல் ஜிடிபியை மட்டும் புதிய பதிப்புக்கு நகர்த்தினேன். பிழைதிருத்தியை மாற்றினால் செயலியில் ஏறும் நிரலில் ஒரு பைட்டும் மாறாது. எதை உறைய வைக்க வேண்டும், எதை ஓடவிடலாம் என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

மூலநிரல் கோப்புகளை எங்கே வைப்பது என்பதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. அனைத்தும் எங்கள் சொந்தச் சேமிப்பில் இருக்கின்றன. கட்டும் கணினிக்கு வெளி இணையம் கிடையாது. காரணம், நேரில் பார்த்த அனுபவங்கள். ஜிசிசி பயன்படுத்தும் ஐஎஸ்எல் லைப்ரரி இருந்த இன்ரியா நிறுவனத்தின் கிஃபோர்ஜ் தளம் மூடப்பட்டபோது, அந்த முகவரியை நம்பியிருந்த எத்தனையோ டூல்செயின் ஸ்கிரிப்டுகள் ஒரே நாளில் நின்றன. 2022 மார்ச்சில், சுருக்கும் லைப்ரரியான இசட்லிப்பின் 1.2.12 வந்ததும் 1.2.11இன் கோப்பு முதன்மை இடத்திலிருந்து பழைய பதிப்புகளுக்கான கோப்புறைக்கு நகர்ந்தது. அதற்கும் அதே விளைவு. 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப் தானாகச் சுருட்டித் தரும் கோப்புகளின் செக்சம் திடீரென்று மாறியது. உள்ளே இருந்த மூலநிரல் மாறவில்லை. சுருக்கும் நிரல்தான் மாறியிருந்தது. உலகெங்கும் கட்டுமானங்கள் உடைந்ததும் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் செக்சம் பொருந்தவில்லை என்றால் அது விபத்தா விஷமமா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்னும் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கண்டுபிடிக்கப்பட்ட பின்கதவை இயக்கிவைக்கும் வரிகள், மூலநிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் களஞ்சியத்தில் இல்லை; வெளியீட்டுக்காகச் சுருட்டிய கோப்பில் மட்டும் இருந்தன. அதன் பிறகு, செக்சம் பொருந்தாத கோப்பை 'சரி, புதிய எண்ணை எழுதிக்கொள்வோம்' என்று கடந்துபோக என்னால் முடிவதில்லை. பழைய கோப்பையும் புதியதையும் விரித்து, வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே எண்ணை மாற்றுகிறேன்.

இத்தனைக்கும் பிறகு ஃபெடோரா 42இல் கட்டுமானம் முழுவதும் ஓடி முடிந்தது. ஆனால் கட்டி முடிந்ததால் மட்டும் இது பழைய கம்பைலர்தான் என்று சொல்லிவிட முடியாது. அதற்காக இரண்டாவது ஹோஸ்ட் ஒன்றை வைத்திருக்கிறேன்: டெபியன் 11 கண்டெய்னர், அதாவது கணினிக்குள் தனித்து ஓடும் பழைய லினக்ஸ் சூழல். அதன் ஜிசிசி 10க்கு இயல்புத் தரநிலைகள் சி17உம் சி++14உம் என்பதால் மேலே சொன்ன ஸ்கிரிப்டுகள் எதுவும் தேவையில்லை. கண்டெய்னரிலேயே எப்போதும் கட்டிக்கொள்ளலாமே என்று கேட்டால், கண்டெய்னர் சிக்கலைத் தீர்ப்பதில்லை, தள்ளிப்போடுகிறது என்பேன். அந்தப் பிம்பத்துக்குள் இருக்கும் பொட்டலங்களும் ஒருநாள் காப்பகத்துக்குப் போய்விடும். இரண்டிலும் கட்டி, இரண்டு கம்பைலர்களும் ஒரே மூலநிரலுக்கு ஒரே நிரலைத் தருகின்றனவா என்று ஒப்பிடுவதுதான் கண்டெய்னரின் உண்மையான பயன். எந்தக் கணினியில் கட்டினாலும் குறுக்குக் கம்பைலர் டார்கெட்டுக்கு எழுதும் நிரல் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஜிசிசி 7.5இல் இதற்கு ஒரு விலக்கு உண்டு: வரிசைப்படுத்தும் வேலையை அது ஹோஸ்டின் சி லைப்ரரியிடம் விட்டுவிடும், சமமான இரு உறுப்புகளில் எது முன்னே என்பது லைப்ரரிக்கு லைப்ரரி மாறலாம், அது நிரல் வரை வந்து சேரலாம். ஜிசிசி 9இல்தான் அதற்கென்று சொந்த வரிசைப்படுத்தல் வந்தது. ஆகவே இரண்டு ஹோஸ்டுகளையும் ஜிலிப்சி என்னும் ஒரே சி லைப்ரரி உள்ளவையாகவே தேர்ந்தெடுத்தேன்.

ஒப்பிடும்போது லைப்ரரிக் கோப்புகளை முழுதாக வைத்துப் பார்த்தால் எப்போதும் வேறுபடும். பின்யுட்டில்ஸின் இயல்பு அமைப்பில் காப்பகக் கருவி ஒவ்வொரு உறுப்பின் நேரமுத்திரையையும் எழுதிவைக்கிறது. பிழைதிருத்தத் தகவலில் கட்டிய கோப்புறையின் பாதை இருக்கிறது. அதனால் இரு ஹோஸ்டிலும் ஒரே பாதையில் கட்டி, உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து, பிழைதிருத்தத் தகவலை உரித்துவிட்டு ஒப்பிட்டேன். நியூலிப்பும் ஜிசிசியின் துணை லைப்ரரியும் பைட்டுக்கு பைட் பொருந்தின. சிமுலேட்டரில் ஆர்டெம்ஸின் டிக்கர் மாதிரி நிரலை ஓட்டினேன். 5, 10, 15 நொடிக்கு ஒருமுறை என்று மூன்று பணிகளும் நேரம் தவறாமல் எழுதின. அன்று மாலை நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் 2020இல் சுருட்டி வைத்த டூல்செயினை எடுத்து மூன்றாவதாக ஒப்பிட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பழையதில் சி லைப்ரரிக் கோப்பு பல கோப்புறைகளில் பல பிரதிகளாக இருந்தது. புதியவை இரண்டிலும் ஒரே ஒரு பிரதி. மல்டிலிப் பட்டியலைக் காட்டச் சொன்னபோது பழைய கம்பைலர் திரை நிறையப் பட்டியலிட்டது. புதியது ஒரு புள்ளியும் ஓர் அரைப்புள்ளியும் மட்டும் அச்சிட்டது.

மல்டிலிப் என்பது ஒரே லைப்ரரியை வெவ்வேறு கொடிகளுடன் பலமுறை தொகுத்து வைப்பது. நம் நிரலுக்கு நாம் கொடுக்கும் கொடிகளைப் பார்த்து, அவற்றுக்குப் பொருந்தும் பிரதியைக் கம்பைலர் தேர்ந்தெடுத்து இணைக்கும். எங்களுக்கு இது வெறும் வேகத்தைப் பற்றிய விஷயம் அல்ல. ஜிஆர்712ஆர்சியில் ஆவணப்படுத்தப்பட்ட ஒரு வன்பொருள் குறை உண்டு: சில வரிசைகளில் சேமிப்புக் கட்டளைகள் அடுத்தடுத்து வந்தால், அரிதான ஒரு சூழலில், தற்காலிக நினைவகத்தில் பழைய மதிப்பு தங்கிவிடக்கூடும். அந்த வரிசை உண்டாகாமல் பார்த்துக்கொள்ளும் கொடி ஜிசிசியில் இருக்கிறது. எங்கள் நிரல் முழுவதும் அந்தக் கொடியோடுதான் தொகுக்கப்படுகிறது. பொருந்தும் பிரதி இல்லையென்றால் கம்பைலர் எச்சரிக்கை எதுவும் தருவதில்லை. இயல்புப் பிரதியை எடுத்து அமைதியாக இணைத்துவிடுகிறது. ஸ்பார்க் வி7க்கான அந்தப் பிரதி வி8 செயலியில் குறையின்றி ஓடும், சிமுலேட்டரிலும் ஓடும். சிமுலேட்டருக்கு அந்த வன்பொருள் குறை கிடையாதே.

காரணம் நானேதான். ஜிஎம்பி சிக்கலோடு மல்லுக்கட்டிய நாளில், ஒவ்வொரு முயற்சிக்கும் அத்தனை பிரதிகளையும் கட்டக் காத்திருக்க மனமின்றி, மல்டிலிப்பை முடக்கும் கொடியை மேக் கோப்பில் சேர்த்திருந்தேன். சிக்கல் தீர்ந்ததும் எடுக்க மறந்துவிட்டேன். அதே மேக் கோப்பு இரண்டு ஹோஸ்டுகளிலும் ஓடியதால் இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தின. இரண்டிலும் ஒரே தவறு இருந்தால் ஒப்பீடு அதைக் காட்டாது என்பதை நான் முன்பே எண்ணியிருக்க வேண்டும்.

கொடியை நீக்கி மறுபடி கட்டினேன்; முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு பட்டியலை மட்டும் நம்பாமல், இணைத்து முடித்த எங்கள் நிரலையே அசெம்பிளி வடிவில் விரித்துப் பார்த்தேன். தவறான கட்டுமானத்தில், சி லைப்ரரியிலிருந்து வந்த ஒரு செயற்கூறில் எஸ்டிடி என்னும் இரட்டைச் சொல் சேமிப்புக் கட்டளையும், அதை ஒட்டி அடுத்த வரியிலேயே எஸ்டி என்னும் ஒற்றைச் சொல் சேமிப்பும் இருந்தன. ஆவணம் தவிர்க்கச் சொல்லும் வரிசைகளில் ஒன்று இது. சரியான கட்டுமானத்தில் அதே இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு நாப், அதாவது எதுவும் செய்யாத வெற்றுக் கட்டளை, அமர்ந்திருந்தது. அந்த நான்கு பைட்டுக்காகத்தான் இந்தக் கம்பைலரையும் இந்த லைப்ரரியையும் இத்தனை ஆண்டுகளாகக் கட்டிக் காக்கிறோம்.

அதன் பிறகு மேக் கோப்பில் மூன்று சோதனைகளைச் சேர்த்தேன். முதலாவது, மல்டிலிப் பட்டியல்: 2020ஆம் ஆண்டுக் கம்பைலர் அச்சிட்டதை ஒரு கோப்பாக கிட்டில் போட்டுவிட்டேன், புதியது ஓர் எழுத்து மாறினாலும் கட்டுமானம் தோல்வி. இரண்டாவது, எங்கள் கொடிகளைக் கொடுத்து எந்தக் கோப்புறையைத் தேர்ந்தெடுப்பாய் என்று கம்பைலரையே கேட்பது. பதில் வெறும் புள்ளியாக, அதாவது இயல்புப் பிரதியின் கோப்புறையாக, இருந்தால் தோல்வி. மூன்றாவது, இணைத்து முடித்த நிரலின் அசெம்பிளியை வரிவரியாகப் படித்து, இரட்டைச் சொல் சேமிப்பை ஒட்டி வேறொரு சேமிப்பு வந்தால் செயற்கூறின் பெயரோடு நிறுத்தும், ஆக் என்னும் மொழியில் எழுதிய ஒரு சிறு ஸ்கிரிப்ட். இந்த மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. கையால் எழுதிய அசெம்பிளி கோப்புகளைக் கம்பைலரின் கொடி தொடாது. அவற்றைப் பார்க்க வேறு கண் வேண்டும். ஸ்கிரிப்டை முதன்முறை ஓட்டியபோது எங்கள் சொந்த அசெம்பிளி கோப்பு ஒன்றிலேயே அந்த வரிசை அகப்பட்டது. நடுவே ஒரு நாப் சேர்த்து, அந்தப் பகுதிக்கான சோதனைகளைப் பலகையில் மறுபடி நடத்தினோம்.

இப்போது மேக் கோப்பில் கட்டுமானத்தை வேகப்படுத்தும் கொடி எதையும் நேரடியாக எழுத இடமில்லை. அவசரச் சோதனைக்கென்று தனி இலக்கு ஒன்று இருக்கிறது. அது நிறுவும் கோப்புறையின் பெயரிலேயே 'அரைகுறை' என்று வரும்படி செய்திருக்கிறேன். 2025 ஜனவரியில் ஆர்டெம்ஸ் 6.1 வெளிவந்திருக்கிறது. அதன் கருவிகளுக்கு முன்னொட்டு ஸ்பார்க்-ஆர்டெம்ஸ்6 என்பதால் இரண்டு டூல்செயின்களும் ஒரே கணினியில் மோதாமல் இருக்கலாம். அதற்கான மல்டிலிப் பட்டியலையும் அச்சிட்டு, பழையதன் பக்கத்தில் கிட்டில் சேர்த்தாகிவிட்டது.